சங்கரா மீன் நாறிய அன்று

மசக்கை முதலில் மூக்குக்குத்தான் தெரியும், நர்சம்மா. வயிற்றுக்கு அப்புறம்தான்.

அன்றைக்கு நல்லவாடு கடற்கரையிலிருந்து வந்த சங்கரா மீன். செவுள் ரத்தச் சிவப்பாக, புத்தம் புதுசாக இருந்தது. குழம்பு கொதிக்கும்போதே என் மருமகள் புவனேஸ்வரி முந்தானையால் மூக்கை மூடிக்கொண்டு தோட்டத்துப் பக்கம் ஓடினாள்.

"இன்னா அத்தை, மீனு இப்படி நாறுது?"

"பழசத் தள்ளிவுட்டுட்டா போல" என்றேன். மீன்காரி மேல் பழி போட்டது பாவம்தான். அதை ஒத்துக்கொள்கிறேன்.

புவனாவுக்கு நாள் எப்போதும் முன்னே பின்னேதான் வரும். அதனால் அவளுக்கே தெரியவில்லை. கல்யாணமாகி நாலு வருஷம்; போன ஆடியில்கூடக் கோயில் மரத்தில் தொட்டில் கட்டிவிட்டு வந்தவள். சொல்லியிருந்தால் எங்கள் ஊர் சோரியாங்குப்பத்தையே கூட்டியிருப்பாள்.

நான் சொல்லவில்லை. உள்ளறையில் என் மகள் இளவரசி படுத்திருந்தாள். எத்தனையோ வருஷம் கழித்து அவள் வயிற்றில் தங்கியது. அசையாமல் படுக்கணும் என்று டாக்டர் சொன்னதால் மடுகரையில் அவள் மாமியார் வூட்டிலிருந்து கூட்டிவந்திருந்தோம். ஒரே வூட்டில் ரெண்டு புள்ளத்தாச்சி இருந்தால் ஒன்றுதான் தங்கும். இது நான் கட்டிய கதையில்லை. எங்கள் பக்கம் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். மருமகளை எங்காவது அனுப்பியிருக்கலாமே என்பீர்கள். தாயில்லாத பெண். அதை எங்கே அனுப்ப? எனக்கும் மனசாட்சி இருக்கிறது.

அதனால் வூட்டிலேயே வைத்துப் பார்த்துக்கொண்டேன். வெறும் வயிற்றில் எழுந்தால் தலை சுற்றும். படுக்கையிலேயே ரஸ்க் கொடுப்பேன். இஞ்சி தட்டிப்போட்டு எலுமிச்சைச் சாறு. சோறு கொஞ்சம் கொஞ்சமாக. எண்ணெய்ச் சட்டியை அடுப்பில் ஏற்றவே இல்லை. வாந்திக்குக் காரணம் கேஸ் டிரபுள் என்று அவளிடம் சொல்லிவைத்தேன்.

என் மகன் தணிகைவேல் சிரித்தான். "இன்னாடி, எங்கம்மாவுக்கு மந்திரம் கிந்திரம் போட்டியா? எனக்கே இப்படி ஊட்டுனதில்ல."

"பொறாமையா இருந்தா நீயும் வாந்தி எடுய்யா" என்றாள்.

இருபது நாள் கழித்து அந்தக் கஷாயத்தையும் எலுமிச்சைச் சாறு கொடுத்த அதே டம்ளரில்தான் கொடுத்தேன்.

"கசக்குது அத்தை."

"கசந்தாத்தான்டி மருந்து. மூக்கப் புடிச்சிக்கினு குடி."

மிச்சம் வைக்காமல் குடித்தாள்.

வாந்தி நின்றது. அப்புறம் ரத்தம். நாள் தள்ளி வந்ததால் அதிகமாகப் போகிறது என்று அவளே சொல்லிக்கொண்டாள். துணியெல்லாம் நான்தான் அலசினேன், அவளைக் குனியவிடவில்லை. மயங்கி விழுந்த பிறகுதான் மகன் இங்கே தூக்கிவந்தான். இனிமேல் அவளுக்குத் தங்காது என்று டாக்டரம்மா சொன்னபோது, என் கையைத்தான் பிடித்துக்கொண்டு அழுதாள்.

"இருந்ததே தெரியாம போச்சே அத்தை."

என்ன கொடுத்தாய் என்று கேட்கிறீர்கள். நான் எதையும் மறைக்கவில்லை. கலையட்டும் என்றுதான் கொடுத்தேன். எழுதிக்கொள்ளுங்கள்.

ஆனால் நேற்று இளவரசிக்கும் கலைந்துவிட்டது. உட்கார்ந்து அதைத்தான் யோசித்துக்கொண்டிருக்கிறேன். தப்பு என் மேல்தான், நர்சம்மா. தாயில்லாத பெண்ணாச்சே என்று இரக்கப்பட்டுத் தள்ளிப்போட்டேன். மீன் நாறிய அன்றைக்கே கொடுத்திருக்க வேண்டும்.