பூசைக்குப் போட்ட எண்ணெய்

"எண்ணெ மட்டும் படாம இருந்திருந்தா உங்க மருமகன் இன்னைக்கு உசுரோட இருந்திருப்பான் மாமா."

வத்தலக்குண்டிலிருந்து கொடைக்கானல் ஏறும் பஸ்ஸில், முன்சீட்டு இளைஞன் இப்படிச் சொன்னதும் நான் பேப்பரை மடித்துவிட்டேன். அவன் பக்கத்தில் மன்னவனூர்ப் பெரியவர் ஒருவர். மடியில் செத்துப்போன மருமகனின் தகரப் பெட்டி.

"மிஷினுன்னா எண்ணெ போடத்தானப்பா செய்வாங்க?"

"இது காத்தைக் குளிர வச்சுத் தண்ணியாக்கி, ஆஸ்பத்திரிக்கு ஆக்சிஜன் பிரிக்கிற மிஷினுங்க. அதுக்குள்ள வைக்கிற செப்புக் குழாய்ச் சுருளைச் செய்யிறதுதான் எங்க சோலி. ஆக்சிஜன் போற குழாய்ல எண்ணெ இருந்தா வெடிச்சிரும்."

"தெரிஞ்சுமா போட்டாங்க?"

"ஆயுத பூசைக்கு எல்லா மிஷினையும் எண்ணெத் துணியால தொடச்சேன். பளபளன்னு இருக்கட்டும்னு அதே துணியை அந்தக் குழாய் வாய்லயும் விட்டுத் தொடச்சுட்டேன். மறுநா ஆக்சிஜன் விட்டு ஓட்டிப் பாக்கையில அவன்தான் பக்கத்துல நின்னான்."

பெரியவர் பெட்டியை இறுக்கிப் பிடித்துக்கொண்டார்.

"அவரு பீடி பத்த வச்சுத்தான் வெடிச்சதுன்னு கம்பெனியில எழுதிட்டாங்களே. பீடியைத் தொடவே மாட்டாரே அவரு."

"ஆமாங்க."

"கண்ணால பாத்ததா ஒருத்தன் கையெழுத்துப் போட்டிருக்கானாம். எந்தப் பய அவன்?"

இளைஞன் முன்கம்பியைப் பிடித்துக்கொண்டான்.

"நான்தாங்க மாமா."

பெரியவர் பெட்டியைத் தூக்கிக்கொண்டு எழுந்தார். பஸ்ஸில் வேறு இடமில்லை. கொடைக்கானல் வரைக்கும் நின்றுகொண்டேதான் வந்தார்.