ஆல்டர்னேட்டரைக் காத்த அண்ணனுக்கு வயிற்றெரிச்சலோடு ஒரு மடல்

சேற்றைச் சிறைப்படுத்திய செம்மலே! ஓடை பெருகினாலும் ஒளி மங்காமல் வண்டிகளைக் கரை சேர்த்தவரே! கல்குவாரிப் பணிமனையின் மின்பிரிவைக் கட்டிக்காத்து, இன்று பணிநிறைவு காணும் எங்கள் அன்புக்கும் ஆற்றாமைக்கும் ஒருங்கே உரிய அண்ணனே, வணக்கம்!

இத்தகைய மடல்களில் இல்லாததையும் இருப்பதாக எழுதுவார்கள். நாங்கள் இருப்பதை எழுதுகிறோம்: உங்களைக் கண்டால் எங்களுக்குப் பொறாமை. அது இன்று நேற்று வந்ததல்ல.

குவாரிக்குப் போகும் ஜீப்புகள் ஓடையில் இறங்கித்தான் ஏற வேண்டும். முன்பெல்லாம் என்ஜினுக்கு அடியில் கிடந்து பேட்டரிக்கு மின்சாரம் ஊட்டும் ஆல்டர்னேட்டருக்குள் சேறு புகும். பிரஷ் தேயும், பேரிங் அலறும், பேட்டரி இறங்கி வண்டி நடுத் தண்ணீரில் படுத்துவிடும். நீங்கள் அதை ஒரு சாண் மேலே தூக்கிப் பொருத்தி, பெல்ட்டையும் அதற்கேற்ப மாற்றினீர்கள். ரப்பர் பாயில் மறைப்பு வெட்டி, சேறு தெறிக்கும் பக்கத்தை மூடி, சூடு வெளியேறும் பக்கத்தைத் திறந்துவிட்டீர்கள். திரும்பி வந்த வண்டியின் சேறு காய்வதற்குள் நல்ல தண்ணீரை மெல்ல ஊற்றிக் கழுவ வைத்தீர்கள்.

இதென்ன பெரிய வித்தை என்று நாங்களும் வெட்டினோம். நீங்கள் டீ குடிக்கப் போன நேரம் பார்த்து அளவெடுத்தோம். அதே ரப்பர், அதே போல்ட், அதே இடைவெளி. எங்கள் வண்டி ஒன்றுகூட நின்றதில்லை. ஆனாலும் ஓட்டுநர்கள் பானெட்டைத் தூக்கி, "இது யாரு போட்டது?" என்பார்கள். நாங்கள்தான் என்றால் அவர்கள் முகம் சுண்டிப்போகும்.

சென்ற மழையில், கை நசுங்கிய தொழிலாளி ஒருவர் அக்கரையில் காத்திருக்க, நம் சிடுமூஞ்சி ஓட்டுநர் சாவியைத் தொட மறுத்தார். "அண்ணன் கை பட்டாத்தான் எடுப்பேன். நடுவுல நின்னா நீங்களா வந்து தள்ளுவீங்க?"

நீங்கள் வந்தீர்கள். நாங்கள் பூட்டிய மறைப்பை ஒருமுறை தட்டிப் பார்த்துவிட்டு, "நான்தான் போட்டேன், கெளம்பு" என்றீர்கள். அவர் போனார், அடிபட்டவரைப் பத்திரமாகக் கொண்டுவந்தார், இறங்கியதும் உங்களைக் கட்டிக்கொண்டார். பக்கத்தில் கிரீஸ் கையோடு நின்ற எங்களைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. ஓர் உயிருக்காக நீங்கள் பொய் சொன்னீர்கள் என்பது புரிந்தது. ஆனாலும் அன்று எங்கள் வயிறு எரிந்த எரிச்சலில் ஒரு பேட்டரியே சார்ஜ் ஆகியிருக்கும்!

உங்களைத் திட்டவும் வழியில்லை. ஒளித்து வைக்கத் தெரியாத உள்ளம், கடிந்து பேசத் தெரியாத நாக்கு, கேட்குமுன் கை கொடுக்கும் குணம். ஒரு கெட்ட குணமாவது வைத்திருக்கக் கூடாதா, அண்ணே?

இம்மடலை வாசித்து முடித்ததும் மேலாளர் எழுந்து, இன்னும் ஓராண்டு இருங்கள் என்று உங்களைக் கேட்கப் போகிறார். ஓட்டுநர்கள் கைதட்டத் தயாராக உட்கார்ந்திருக்கிறார்கள். எங்களுக்காக ஒரே ஒரு உதவி செய்யுங்கள்: மாட்டேன் என்று சொல்லுங்கள்.

நோயின்றி, நோவின்றி, நூறாண்டு கடந்தும் வாழுங்கள். உங்கள் வீட்டில் வாழுங்கள். நீங்கள் இருக்கும்வரை நாங்கள் போட்டதும் நீங்கள் போட்டதாகவே இருக்கும். எங்கள் கையை நம்பி ஒரு வண்டியாவது தண்ணீரில் இறங்கட்டும், அண்ணே.

இப்படிக்கு,
உங்கள் அளவிலேயே ரப்பர் வெட்டும்
மின்பிரிவுத் தோழர்கள்