பச்சையை நம்பாத கையேட்டு ஆசிரியருக்கு

சொல்லுக்குச் சொல் சோதனை வைத்த சோர்வறியாச் செம்மையே! காற்புள்ளிக்கும் காரணம் கேட்ட கண்டிப்பே! கருவிகளின் கையேடுகளைக் கண்ணாடியாய்த் துலக்கி, கற்பவர் கலங்காது காரியம் முடிக்க வழிவகுத்த ஆசிரியரே! ‘ஆனா...’ என்று ஒருமுறையேனும் இழுக்காமல் எந்தக் கூட்டத்தையும் முடிக்கவிடாததால், எங்களால் ‘ஆனாக்கா’ என்று அன்போடும் சிலநாள் ஆத்திரத்தோடும் அழைக்கப்பட்ட அக்காவே! வணங்குகிறோம்.

ஓய்வு பெறுபவரின் பண்புகளை வரிசைப்படுத்துவது மரபு. அப்படிச் செய்தால் பாதியிலேயே எழுந்து திருத்தம் சொல்வீர்கள். ஆகவே, இங்கே வந்திருக்கும் தங்கள் குடும்பத்தாரும் அறியும்படி, சென்ற மழைக்காலத்தில் நடந்த ஒன்றை மட்டும் அவையோருக்குச் சொல்ல அனுமதி தாருங்கள்.

குறைமாதக் குழந்தைகளைக் கதகதப்பில் காக்கும் இன்குபேட்டர் ஒன்றின் மென்பொருள் அப்போது நம் பிரிவுக்குச் சோதனைக்கு வந்திருந்தது. சோதனைக் கருவியை இயக்கும் வேலை அதுவரை மனிதர்களுடையது. புதிதாக அது ஒரு செயற்கை நுண்ணறிவு முகவரிடம் போயிற்று. கையேட்டைப் படிக்கும், கருவியை ஓட்டும், முடிவைச் சொல்லும், விடுப்புக் கேட்காது. முதல் ஓட்டத்திலேயே ‘தோல்வி எதுவும் இல்லை’ என்று அறிக்கை தந்தது. திரை முழுக்கத் தேர்ச்சியைக் காட்டும் பச்சை வரிகள். குழுத்தலைவர் மருத்துவமனைகளுக்கு அனுப்ப நாளும் குறித்துவிட்டார். அக்காவுக்கு மட்டும் அந்தப் பச்சையில் ஏதோ ஒப்பவில்லை. என்னவென்று கேட்டால் அவருக்கே சொல்லத் தெரியவில்லை.

அந்தக் கலக்கத்தோடே வீட்டுக்குப் போனவர், கணவரிடம் “அடுப்புல பால் இருக்கு, கொஞ்சம் பாத்துக்கோங்க” என்று சொல்லிவிட்டு, முகவர் படித்த, இன்னும் தம் திருத்தத்துக்கு வராத அந்தப் பழைய சோதனைக் கையேட்டை விரித்தார். பால் பொங்கி அடுப்பெல்லாம் வழிந்தது.

“பாத்துக்கச் சொன்னேனே!”

“பாத்துக்கிட்டுத்தானேம்மா இருந்தேன். அணைக்கணும்னு நீ சொல்லலியே!”

வேறொரு நாளாயிருந்தால் அந்த வீட்டில் இடி இடித்திருக்கும். அன்றோ அவர் கையில் துணியோடு அப்படியே நின்றுவிட்டார். ‘தோல்வி இல்லையெனில் வெற்றி எனக் கொள்க’ என்றது கையேடு. மனிதர் படித்தால், சோதனைகள் உண்மையிலேயே ஓடினவா என்று ஓரக்கண்ணால் பார்த்துக்கொள்வார். யாரும் சொல்லித்தர வேண்டாத சங்கதி என்பதால், யாரும் எழுதிவைக்கவும் இல்லை. எழுதாததை முகவர் எப்படிச் செய்யும்?

காலையில் முதல் ஆளாக வந்து அறிக்கையின் உள்ளே புகுந்து பார்த்தார். பயந்தது சரியாகவே இருந்தது. சூடு மீறினால் ஒலிக்கும் அலாரம் பகுதியின் சோதனைக் கோப்புகளை யாரோ வேறிடத்துக்கு மாற்றியிருக்க, அங்கே சோதனை எதுவுமே ஓடியிருக்கவில்லை. அறிக்கையோடு நேரே குழுத்தலைவரிடம் போனார்.

“எல்லாம் பச்சையா இருக்கேக்கா, இன்னும் என்ன பயம்?”

“பச்சையா இருக்கறதுதான் தம்பி பயமா இருக்கு. அலாரத்துக்கு ஒரு சோதனைகூட ஓடல. ஓடாத குதிரை எப்படிப்பா தோக்கும்?”

“நாள் குறிச்சாச்சே. மேல கேட்டா நான் என்னன்னு சொல்றது?”

“உள்ள படுக்கப்போற பச்சப்புள்ளைக்குப் பேச வராது. சுடுதுன்னு அது சொல்லாது, அலாரம்தான் சொல்லணும்.”

குழுத்தலைவர் தொலைபேசியை எடுத்து, கண்ணாடிக் கதவைச் சாத்திக்கொண்டு, வாங்க வேண்டிய வசவையெல்லாம் வாங்கினார்.

அக்கா எழுத உட்கார்ந்தார். ஒவ்வொரு கட்டளைக்கும் அது எதைத் தொடும், எதைத் தொடக்கூடாது, எங்கே ஓட்டக்கூடாது என்றெல்லாம் பிசிறில்லாமல் எழுதினார். ‘தோல்வி இல்லையெனில் வெற்றி’ என்ற அந்த ஒரு வரிக்குப் பதிலாக இப்படி எழுதினார்: ‘ஓடிய சோதனைகளை எண்ணு. ஒன்றும் ஓடவில்லையெனில் அது வெற்றி அன்று. நிறுத்து. காரணத்தை ஊகிக்காதே, மனிதரிடம் கேள்.’

மறுபடி ஓட்டியபோது அவர் நாற்காலிக்குப் பின்னால் கூடி நின்றோம். முகவர் பாதியில் நின்று கேட்டது: ‘அலாரம் பகுதியில் சோதனை எதுவும் ஓடவில்லை. கோப்புகள் எங்கே உள்ளன?’ இடத்தைக் காட்டினோம். பச்சை வரிகளுக்கு நடுவே ஒரு சிவப்பு வரி எழுந்தது. வெப்பம் அளக்கும் கம்பி குழந்தையின் உடலிலிருந்து நழுவினால், பெட்டி எவ்வளவு சூடேறினாலும் அலாரம் அடிக்காது.

யாரும் கைதட்டவில்லை. அக்கா தண்ணீர் கேட்டு வாங்கிக் குடித்துவிட்டு, “இது கண்ணுல பட்டுடுச்சு, படாதது எத்தனையோ” என்றார். பிழை திருத்தப்பட்டபின்தான் பெட்டிகள் மருத்துவமனைகளுக்குப் போயின. அவரோ அன்று தொடங்கி, நம்மிடமுள்ள கையேடு ஒவ்வொன்றையும், ஊகிக்கத் தெரியாத ஒன்று படித்தால் என்னாகும் என்ற அச்சத்தோடே திருத்தி முடித்தார்.

அன்புமிகு அக்கா! தங்களை மகிழ்வோடு வழியனுப்புகிறோம் என்று எழுதினால் அது பொய். பயமாக இருக்கிறது. எங்கள் சார்பில் இத்தனை காலம் தாங்கள் ஒருவரே பயந்தீர்கள். அதனால் நாங்கள் நிம்மதியாகத் தூங்கினோம். அந்தப் பயத்தை வீட்டுக்கு எடுத்துச் செல்லாதீர்கள். எங்கள் மேசைமேல் வைத்துவிட்டுப் போங்கள், முறைவைத்துச் சுமக்கிறோம். உடல் நோயறியாது, உள்ளம் நொடியாது, உற்றார் சூழப் பல்லாண்டு வாழுங்கள். இனித் தூங்கும் முறை தங்களுடையது.

அன்பும் அச்சமும் குறையாத,
சோதனைப் பிரிவுத் தோழர்கள்