முப்பதாவது ஆள்

ஸ்வர்ணலதா: எடுண்ணா வண்டிய. எங்க முன்னாடி நிறுத்தாத.

சம்பத்: எடுக்கறதா? இத்தினி பொம்பளைங்க வரிசையா நிக்கிறீங்க, என் ஆட்டோ காலியா கீது. காத்தையா ஏத்திக்கினு போவ சொல்ற?

ஸ்வர்ணலதா: இன்னிக்கி ஒரு நாளு, அரை மணி நேரம். அதோ புங்க மரத்தடில உக்காந்துக்கினு கீறாரே, நாகேந்திரன் சாரு... பஸ் ரூட்டு போட லெக்கா எடுக்க வந்தவரு. அவரு எண்ணி முடிக்கட்டும்.

சம்பத்: எண்ணட்டுமே. ஆட்டோக்குள்ள குந்திக்கினு எண்ணிக்குங்க.

ஸ்வர்ணலதா: ஆட்டோல கீறவங்கள எண்ண மாட்டாராம். ஸ்டாப்புல நிக்கிறவங்கதான் லெக்கா. முப்பது பேரு நின்னாத்தான் நம்ம ஊரு வழியா ரேணிகுண்டாக்கும் திருப்பதிக்கும் டவுன் பஸ்ஸு.

சம்பத்: பஸ்ஸே வராத ஸ்டாப்புல பஸ்ஸுக்கு நிக்கிறவங்கள எண்றாரா! ஆஹா, இன்னா மூளை! ஸ்வர்ணமுகி ஆறு காஞ்சி கெடக்குது, அதுல எத்தினி பேரு முழுவறாங்கன்னு லெக்கா எடுத்த கதைதான்.

ஸ்வர்ணலதா: சிரி, சிரி. மொத நாளு ரெண்டு பேரு. அதுல ஒருத்தரு பீடிக்கு நெருப்பு கேக்க வந்தவரு. நேத்து ஒரே ஆளு. நீதான் வூட்டு வூட்டுக்கு வந்து ஹாரன் அடிச்சி ஏத்திக்கினு பூட்றியே... ஸ்டாப்புல யாரு நிப்பா? இன்னிக்கி கடைசி நாளுண்ணா.

சம்பத்: சரி, எட்டு மணிக்கு செல்போன் கம்பெனி கேட்ட மூடிடுவானே. எப்டி போவீங்க?

ஸ்வர்ணலதா: அது... ஆறரைக்கு அவரு எழுதி முடிச்சதும் நீ வந்து ரெண்டு டிரிப்பு...

சம்பத்: அடேங்கப்பா! என் வயித்துல அடிக்கறதுக்கு நான் வழி வுடணும். அப்பால உங்கள கொண்டுபோய் வுடறதுக்கும் நானே வரணும். வெத்தல பாக்கு வச்சி கூப்ட்டிருக்கலாமே!

ஸ்வர்ணலதா: கோச்சிக்காதண்ணா...

சம்பத்: பதினோரு வருசம்மா. மழ, புயலுன்னு ஒரு நாளு வராம இருந்திருப்பனா? எந்த புண்ணியவதி பஸ்ஸு வுடுங்கன்னு அந்த அர்ஜிய எழுதி போட்டாளோ, அவ கையி...

ஸ்வர்ணலதா: அவ கைக்கு இன்னாண்ணா?

சம்பத்: ...நல்லா இருக்கட்டும்! வளையலு போட்டுக்கினு ஜம்முனு இருக்கட்டும்! எங்க பிரியங்காவுக்கு நர்சிங்கு முடிய இன்னும் ஒரு வருசம் கீது. உங்க நைனா இன்னா பண்றாருன்னு யாராவது கேட்டா, போற பஸ்ஸுக்கு டாட்டா காட்றாருன்னு சொல்லட்டும்.

ஸ்வர்ணலதா: அப்டி பேசாதண்ணா. மனசுக்கு கஷ்டமா கீது.

சம்பத்: கஷ்டமா! உனக்கா! தெனம் முன்சீட்டுல என் பக்கத்துல குந்திக்கினு வாயே மூட மாட்ட. 'அண்ணா, எருமை... அண்ணா, பள்ளம்... அண்ணா, எதுர்ல லாரி...' ஓட்டறது நானா, நீயா?

ஸ்வர்ணலதா: எனக்கு வாய் நீளம், வுடு. நீ ஏன் இப்பல்லாம் சாயங்கால ஷிப்டுக்கு வண்டி எடுக்கறதில்ல? இருட்டுனா வூட்டோட கீற?

சம்பத்: டிவில சீரியல் பாக்கணும்.

ஸ்வர்ணலதா: சீரியலு... நீ?

நாகேந்திரன்: ஏம்மா, இக்கட சூடு... இங்க பாரு. எண்ணியாச்சு, இருபத்தொம்போது. மணி ஆறு இருபத்தெட்டு. ஒக்கரு தக்குவ... ஒரு ஆளு கொறையுது. பேப்பர மூட வேண்டியதுதான்.

ஸ்வர்ணலதா: சாரு, சாரு, ஒரு நிமிசம்! கமலம்மா, உன் மருமவ எங்க? ...காய்ச்சலா? ஐயோ! சாரு, ஒரே ஒரு ஆளு. முப்பதுன்னு போட்டுக்குங்க சாரு.

நாகேந்திரன்: தப்பும்மா. நின்னாத்தான் ஆளு.

சம்பத்: நவுரு, கமலம்மா. கொஞ்சம் எடம் வுடு... சாரு, என்னயும் எழுது.

ஸ்வர்ணலதா: அண்ணா...?

நாகேந்திரன்: பாகுந்தி... நல்லா கீதே! ஆட்டோ டிரைவருக்கு பஸ்ஸு எதுக்கையா? எங்க போவணும்?

சம்பத்: திருப்பதி.

நாகேந்திரன்: இன்னா வேலையா?

சம்பத்: ...அதுவும் எழுதித்தான் ஆவணுமா?

நாகேந்திரன்: கட்டம் கீதே, ரொப்பணும்.

சம்பத்: அப்ப ரொப்பு. கண்ணாஸ்பத்திரி. வண்டி ஓட்டாதன்னு டாக்டரு சொல்லி நாலு மாசமாவுது. பொண்ணு படிப்பு கீது, நானா வுட முடியல. ஆனா பதினாலு உசுர பின்னாடி வச்சிக்கினு... பயமா கீது சாரு. நெஜமாவே பயமா கீது. போதுமா? ...லதா, நீ இன்னாத்துக்கு அழுவற? திட்டணும்னா திட்டிடு.

ஸ்வர்ணலதா: ஆடி மாசம் ஏரிக்கரையாண்ட எருமைய பாத்து, 'நவுரு கமலம்மா, வண்டி வருது'ன்னு ஹாரன் அடிச்ச பாரு... அன்னிலேர்ந்துதான் நான் முன்சீட்டு. அர்ஜியும் அன்னிக்கி சாயந்தரம்தாண்ணா எழுதனேன்.