பதினான்காவது பத்தியில் ஒரு முகமலர்ச்சி

சிரித்தால் என் முகம் நன்றாக இருக்காது. கல்யாணப் போட்டோவைப் பார்த்துவிட்டு என் மனைவியே சொல்லியிருக்கிறாள், பல்வலிக்காரன் மாதிரி இருக்கிறேன் என்று. அதனால் ஆபீசில் நான் சிரிக்கிறதில்லை. பதிமூன்று வருஷம் கிராம நிர்வாக அலுவலராக உட்கார்ந்திருந்ததில் ஒரே ஒரு தடவைதான் சிரித்தேன், வக்கீல் சார். அதுவும் தீர்ப்பில் ஏறிவிட்டது.

பதினான்காவது பத்தி. நீங்களே சிவப்பு மையில் கோடு போட்டு வைத்திருக்கிறீர்கள். 'எதிரியான பாபநாசம், கொண்டாந்தாச்சா என்று கேட்டு, புகார்தாரர் நீட்டிய உறையை முகமலர்ச்சியுடன் வாங்கிப் பிரித்தார்.' கூட வந்த சாட்சி அப்படிச் சொல்லியிருக்கிறான். கேட்டது லஞ்சம், முகம் மலர்ந்தது லஞ்சத்தைக் கண்டு என்று நீதிபதி முடிவுகட்டி, ஒரு வருஷம் தண்டனை போட்டுவிட்டார். மெட்ராஸ் ஐகோர்ட்டில் அப்பீல் நிற்பதும் விழுவதும் இந்த ஒரு பத்தியில்தான் இருக்கிறது என்று நேற்று சொன்னீர்கள். என்ன கேட்டேன், ஏன் சிரித்தேன், இரண்டுக்கும் பதில் வேண்டும் என்றீர்கள். அதைச் சொல்லத்தான் காலையிலேயே பஸ் ஏறி, வண்ணார்பேட்டையில் உங்கள் ஆபீசுக்கு வந்தேன்.

நான் கேட்டது பணம் இல்லை. அதை முதலில் எழுதிக்கொள்ளுங்கள். பொங்கலுக்கு ஒரு வாழைத்தார் வந்தால்கூட வந்த சைக்கிளிலேயே திருப்பி அனுப்புகிறவன் நான். பாபநாசம் அண்ணாச்சியிடம் பருப்பு வேகாது என்று தாலுகா பூராவும் பேச்சு. அந்தப் பேச்சு காதில் விழும்போது எனக்குச் சந்தோஷமாக இருக்கும். வேறு சந்தோஷம் எனக்கு அதிகம் கிடையாது.

புகார் கொடுத்த அன்னத்தாய் முதன்முதலில் வந்தது தொண்ணூற்று மூன்று பங்குனியில். அவள் புருஷன் தளவாய்க்கு வாய்க்கால் ஓரத்தில் நாற்பது சென்ட் நஞ்சை. பட்டா, செத்துப்போன அவன் அப்பா ஐயம்பெருமாள் பேரில் இருந்தது. தளவாய் ஒரே பிள்ளை. அவனுக்கு இருதயத்தில் வால்வு கெட்டுப்போய், பாளையங்கோட்டையில் ஆஸ்பத்திரியில் கிடந்தான். ஆடிக்குள் மதுரைக்குக் கொண்டுபோய் ஆபரேஷன் செய்தால் பிழைப்பான் என்று டாக்டர் சொல்லியிருக்கிறார். நிலத்தை விற்றால்தான் அதற்கு வழி. வாங்குகிறவரோ, பட்டா தளவாய் பேருக்கு மாறினால்தான் கிரயம் என்று நின்றார். அவ்வளவு ஒழுங்காகக் காகிதங்களை அடுக்கிக்கொண்டு வந்த பெண்பிள்ளையை நான் பார்த்ததில்லை. பத்து நிமிஷ வேலை.

ஆனால் மனுவுக்குப் பின்னால் ஓர் ஐம்பது ரூபாய் நோட்டைக் குண்டூசியால் குத்தி வைத்திருந்தாள். நான் அதைப் பார்த்ததும் அவள் குனிந்து, "இது காணுமாய்யா?" என்று கேட்டாள், ஐம்பது போதுமா என்று. ஆபீசில் அப்போது நாலு பேர் இருந்தார்கள். யாரோ செருமினார்கள். சிரிப்பை அடக்கின செருமல் என்று எனக்குத் தெரியும். நான் குண்டூசியை எடுத்து, நோட்டைத் திருப்பிக் கொடுத்தேன். ஒரு வார்த்தை வையவில்லை. உள்ளே எரிந்தது.

பிறகு விதியைச் சொன்னேன். வாக்குமூலம் தளவாய் நேரில் வந்து தர வேண்டும். "அவியளால எந்திரிக்க முடியலய்யா, படுத்த படுக்கையாக் கெடக்காவ" என்றாள். அப்படியானால் இன்னொரு வழி இருக்கிறது, வாரிசு என்ற முறையில் நீயே தரலாம், அதற்கு உன் புருஷனுடைய இறப்புச் சான்றிதழ் வேண்டும் என்றேன். உங்களிடம் பேசுகிற இதே குரலில்தான் சொன்னேன். அவளுக்கு உடனே விளங்கவில்லை. விளங்கியதும் காகிதங்களைப் பொறுக்கிக்கொண்டு போனாள்.

மூன்றாவதாக ஒரு வழியும் உண்டு. நோயாளி கிடக்கிற இடத்துக்கே போய் கிராம அலுவலர் வாக்குமூலம் வாங்கலாம். அது எனக்குத் தெரியாதா, பரீட்சை எழுதிப் பாஸ் பண்ணினவன். என் வீடு பாளையங்கோட்டையில்தான். ஆபீசுக்குப் போகும் பஸ் தினமும் அந்த ஆஸ்பத்திரி வாசலில் நின்றுதான் போகும்.

அதற்குப் பிறகு வாரத்துக்கு ஒருநாள் வந்தாள். வாசலில் நிற்பாள். நான் தலையைத் தூக்கி, "கொண்டாந்தாச்சா?" என்று கேட்பேன். இல்லை என்று தலையை ஆட்டிவிட்டுப் போவாள். மேற்கொண்டு நான் பேசினதில்லை. தலையாரி மாரிக்கண்ணுதான் அவளைத் தனியாகக் கூப்பிட்டு விளக்கம் சொன்னான். "உசுரோட இருக்க ஆளுக்கு எவனாவது சர்டிபிகேட் கேப்பானா? அம்பது காணலன்னு சொல்லுதாரு, வேற என்ன." கோர்ட்டில் அவன் இதைச் சொன்னபோதுதான் எனக்கே தெரிந்தது. பதிமூன்று வருஷம் கூட இருந்தவன், என்னை அவ்வளவுதான் புரிந்து வைத்திருக்கிறான்.

வைகாசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை நாலு ஆரஞ்சு வாங்கிக்கொண்டு தளவாயைப் பார்க்கப் போனேன். இதை அன்னத்தாயும் கோர்ட்டில் சொல்லவில்லை. நான் போன நேரம் அவள் மருந்து வாங்கப் போயிருந்தாள். அவனால் நிஜமாகவே எழுந்து வர முடியாதா என்று எனக்குத் தெரிய வேண்டியிருந்தது. முடியாது. கால் இரண்டும் வீங்கி, தலையணையில் சாய்ந்து மூச்சு வாங்கிக்கொண்டிருந்தான். என்னைக் கண்டதும் கும்பிட்டான். "ஐயா, பட்டா ஆயிருமா?" என்று கேட்டான். வேலை நடக்கிறது என்றேன். வாக்குமூலப் படிவம் என் துணிப்பையில்தான் இருந்தது, பேனாவும் இருந்தது. அவன் ஓர் ஆரஞ்சை உரித்துப் பாதியை எனக்குக் கொடுத்தான். விரல்கள் நடுங்கவில்லை, கையெழுத்துப் போட்டிருப்பான். பாதியைத் தின்றுவிட்டு வந்தேன். வீட்டுக்குப் போகும் வழியில், இன்னும் ஒரு மாசம் தாங்குவான் என்று கணக்குப் போட்டேன். கொஞ்சம்தான் பிசகியது.

ஆனி பிறந்து இரண்டாவது வாரம், அன்னத்தாய் ஓர் ஆளோடு வந்தாள். அண்ணன் என்றாள். நான் வழக்கம்போல் கேட்டேன். "கொண்டாந்திருக்கேன்யா" என்று பழுப்பு நிற உறையை நீட்டினாள். கண் கலங்கியிருந்தது. நீங்களே சொல்லுங்கள், நான் என்ன நினைப்பேன்? தளவாய் போய்ச் சேர்ந்துவிட்டான் என்று நினைத்தேன். அப்போதுதான் முகம் மலர்ந்தது. சாட்சி பொய் சொல்லவில்லை. ஒரு சாவைக் கண்டு சிரிக்க நான் பேய் இல்லை. ஐம்பது ரூபாயை நீட்டினவள் கடைசியில் நான் சொன்ன வழிக்கு வந்தாளே என்ற திருப்தி. ஆசையாகப் பிரித்தேன். உள்ளே ஐந்து நூறு ரூபாய் நோட்டு. உங்களிடம் மறைக்க என்ன இருக்கிறது, எனக்குச் சப்பென்று ஆகிவிட்டது. அதைக் கீழே வைப்பதற்குள் லஞ்ச ஒழிப்பு ஆட்கள் வந்துவிட்டார்கள். நோட்டில் தடவியிருந்த பொடி என் விரலில் ஒட்டியிருந்தது; அவர்கள் கொண்டுவந்த கரைசலில் விரலை முக்கினதும் தண்ணீர் ரோஜா நிறமானது.

அதிலிருந்து பதினோராம் நாள் தளவாய் செத்தான். நான் சஸ்பெண்டில் இருந்தேன். எனக்குப் பதிலாக வந்தவர், மறு வாரமே அன்னத்தாய் பேருக்குப் பட்டா மாற்றப் பரிந்துரை எழுதிவிட்டார். அவர் வாங்கி வைத்துக்கொண்டதும் நான் கேட்ட அதே சான்றிதழைத்தான். என் நடைமுறையில் தப்பில்லை என்பதற்கு அதுவே போதும்.

இன்னும் ருசு வேண்டுமென்றால் என் டைரியைப் பாருங்கள். அவள் வந்த பன்னிரண்டு நாளுக்கும் தேதி போட்டு, 'இறப்புச் சான்று கோரப்பட்டது' என்று எழுதியிருக்கிறேன். அந்தப் பன்னிரண்டு நாளும் தளவாய் உயிரோடு இருந்தான் என்பதற்கு ஆஸ்பத்திரி ரிக்கார்டு இருக்கிறது. இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் பதினான்காவது பத்தி நிற்காது. முன்னால் இருந்த வக்கீல் டைரியை வாசித்துவிட்டு, கோர்ட்டில் கொடுக்காமலே என்னிடம் திருப்பித் தந்துவிட்டார். காரணமும் சொல்லவில்லை.

நீங்களும் இப்போது பேனாவை மூடுகிறீர்கள். "அண்ணாச்சி, லஞ்சம் வாங்குனவன ஊரு மறந்துரும். இத மெட்ராசுல படிச்சாங்கன்னா மறக்காது. யோசிச்சுக்கிடுங்க" என்கிறீர்கள். வயதில் சின்னவர், என் மேல் அக்கறையில் சொல்கிறீர்கள்; கோபம் இல்லை.

யோசித்துவிட்டேன், சிவசங்கரன் சார். என் மகள் அனுராதாவுக்கு இருபத்து நாலு நடக்கிறது. மூன்று இடம் வந்து, கேஸைக் கேள்விப்பட்டுப் போய்விட்டது. போன வாரம் பேட்டையிலிருந்து வந்த வாத்தியார் குடும்பம் முகத்துக்கு நேரே சொல்லிவிட்டது, கை நீட்டினவன் வீட்டில் பெண் எடுக்கிறதில்லை என்று. அன்றைக்கு ராத்திரி அவள் சாப்பிடவில்லை. ஒரு தகப்பனுக்கு அதைப் பார்க்க எப்படி இருக்கும்? பேனாவைத் திறங்கள், அப்பீலில் முதல் காரணமாகவே போடுங்கள். தளவாய் எப்போது சாவான் என்றுதான் மூன்று மாசமும் காத்திருந்தேன், அவன் பெண்டாட்டியிடம் ஒரு பைசா எதிர்பார்க்கவில்லை. என் பெண்ணைப் பார்க்க வருகிறவர்கள் இதை வாசித்துவிட்டே வரட்டும்.