இயந்திரத்துக்கு வார்த்த ஒரு கிண்ணம்

அவையை ஆண்டு அமர்ந்திருக்கும் நகர்மன்றத் தலைவர் பியோ அவர்களே! சுண்ணாம்புத் தூசியைச் சோற்றோடு சேர்த்துத் தின்று எங்களை ஆளாக்கிய பெரியோர்களே! பூண்டுச் சந்தையைப் பாதியில் போட்டுவிட்டு ஓடி வந்திருக்கும் தாய்மார்களே! சிமெண்டு ஆலைத் தோழர்களே! தன்யாங் மண்ணுக்கு என் தலைதாழ்ந்த வணக்கம்.

நாளைக் காலையில் நம் இயந்திரத்தைக் கழற்றி லாரியில் ஏற்றப் போகிறார்கள். யாரப்பா கைதட்டுவது? முழுதும் கேட்டுவிட்டுத் தட்டுங்கள்.

எதற்கு வந்த இயந்திரம் அது? ஆலை கக்கும் கரியமில வாயுவைத் தண்ணீரில் கலந்து, செம்புத் தகட்டில் மின்சாரம் பாய்ச்சி, எரிசாராயமாக மாற்ற வந்த இயந்திரம்! வானத்தைக் கெடுத்த வாயு வண்டியை ஓட்டும் என்றார்கள். புகையை அடக்கு, இல்லையேல் ஆலையை மூடு என்று அரசு அதட்டிய நேரம். நம் வீட்டு அடுப்பெல்லாம் அந்த ஆலையை நம்பித்தானே எரிந்தது?

தொடக்க நாளன்று வழக்கம்போல் படையல் போட்டோம். பன்றித்தலை வைத்தோம், விழுந்து கும்பிட்டோம், இயந்திரத்தின் காலடியில் அரிசிக் கள்ளைத் தெளித்தோம். உலைப் பிரிவு மேஸ்திரி கங் மான்சொக்குக்கு அது போதவில்லை. தொட்டியின் மூடியைத் திறந்தார். "வெறும் வயித்தோட வேலை பாக்கச் சொன்னா எப்படிடா பாக்கும்? குடிடா ராசா, நல்லாக் குடி!" என்று ஒரு கிண்ணத்தை உள்ளே கவிழ்த்தார். சிரித்தோம். ஊரே சிரித்தோம்!

அன்று மாலையே சோதனை. தொட்டியில் சாராயம்! என்ன ஆட்டம், என்ன பாட்டம்! ஆய்வுக்கூடத்து நா யுன்சல் மட்டும் ஆடவில்லை. "அண்ணே, முதல் நாளே இவ்வளவு வராது. இன்னொரு வாட்டி பாத்துட்டுச் சொல்லலாமே" என்றாள். "நல்ல நாளும் அதுவுமா வாயக் கழுவும்மா" என்றார்கள். செய்தி தலைநகர் சியோலுக்குப் பறந்தது.

மறுவாரம் நிபுணர்கள் வந்தார்கள். தொட்டியில் புதிதாக எடுத்த மாதிரியில் சாராயம் ஒரு சொட்டும் இல்லை. முதல் நாள் எடுத்த மாதிரியிலோ அரிசிக் கள்ளின் புளிப்பும் இனிப்பும் அப்படியே இருந்தன! தன்யாங்காரன் இயந்திரத்துக்கே ஊற்றிக் கொடுத்தான் என்று நாடு சிரித்தது.

என்னம்மா, மான்சொக்கைத் திட்டச் சொல்கிறீர்களா? மாட்டேன். அவர் ஆசையாக ஊற்றினார். கேட்க வேண்டிய கேள்வியைக் கேட்காமல் ஆடியது யார்? ஊர்தானே?

இனிச் சொல்லப் போவதுதான் என் நெஞ்சை அறுக்கிறது. யுன்சல் விடவில்லை. தொட்டியைத் தேய்த்துக் கழுவினாள், தகட்டை மாற்றினாள், தனியாகக் கிடந்து உழைத்தாள். சென்ற மாதம் சாராயம் வந்தது. வாயுவை நிறுத்தினாள், நின்றது. திறந்தாள், வந்தது. உண்மை, தோழர்களே, உண்மை! சியோலுக்குத் தொலைபேசியில் சொன்னாள். மறுமுனையில் என்ன பதில் தெரியுமா?

"இந்த வாட்டி என்ன சரக்கும்மா?"

பார்க்கக்கூட ஒருவரும் வரவில்லை. இயந்திரம் நாளை போகிறது, வசந்தத்தில் ஆலையும் மூடுகிறது. பொய்க்கு ஆடிய ஊர், உண்மை வந்தபோது நம்ப ஆளில்லாமல் நிற்கிறது. வருந்துகிறேன், வாய்விட்டே வருந்துகிறேன்.

சற்றுமுன் மான்சொக் கள் குடுவையோடு யுன்சலிடம் போய்த் தயங்கி நின்றார். "வழியனுப்புறப்போ கொஞ்சம் தெளிக்கலாமாம்மா?"

அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "தெளிங்கண்ணே. காலடியில மட்டும்."

நாளை எல்லாரும் வாருங்கள். கேட்டிருந்த செவிகளுக்கெல்லாம் நன்றி சொல்லி, கைகூப்பி அமர்கிறேன். வணக்கம்.