கோர்பினியனின் இறகுப் பேண்ட்

ஜிப் கெட்டுப்போய்விட்டது என்பதற்காக நல்ல பேண்ட்டைத் தூக்கிப் போடக் கூடாது, இன்ஸ்பெக்டர் மேடம். பெரும்பாலும் இழுக்கிற தலையை மட்டும் மாற்றினால் போதும். இந்தப் பள்ளத்தாக்கில் குளிர்கால மலையேற்றத்துக்குப் போகிற அத்தனை பேரும் அக்டோபரில் தங்கள் பேண்ட்டுகளை என் பட்டறையில் கொண்டுவந்து போடுவார்கள். வெண்டல் தைத்தது பிரியாது என்று பெயர் எடுத்தவன் நான். அதையும் எழுதிக்கொள்ளுங்கள்.

உங்கள் மேசைமேல் பிளாஸ்டிக் உறையில் இருப்பது வெறும் பஞ்சு. அதைப் பார்த்து நீங்கள் ஏன் முகம் சுளிக்கிறீர்கள் என்று புரிகிறது. ஆனால் முறைப்படி முதலிலிருந்து சொல்கிறேன்.

பத்தொன்பது வருடங்களுக்கு முன்பு, என்னோடு மலையேறுகிற கோர்பினியனும் நானும் வடக்குச் சரிவில் ஒரு பாறை விளிம்பில் மாட்டிக்கொண்டோம். நாலு மணி நேரம். எனக்கு ஒன்றுக்கு முட்டியது, பேண்ட்டின் ஜிப் பனியில் இறுகிப்போயிருந்தது, விரல்கள் விறைத்திருந்தன. நனைத்துவிட்டேன். யாருக்கும் நடக்கக்கூடியதுதான். பார்த்தவன் கோர்பினியன் ஒருவன்தான்.

அன்றிலிருந்து ஒவ்வொரு குளிர்காலமும் மலைக்குடிலில் சூப்புக் கிண்ணம் மேசைக்கு வந்ததும் அவன் அந்தக் கதையை எடுப்பான். என்னை எங்கே கண்டாலும், "என்னடா வெண்டல், ஜிப் திறந்துச்சா?" என்பான். கடைத்தெருவில், தேவாலய வாசலில், ஒருநாள் என் பல் வைத்தியர் முன்னால்கூட. என் மகள் கல்யாணத்தில் மைக்கைப் பிடித்துக்கொண்டு முழுக் கதையையும் நடித்தே காட்டினான். மாப்பிள்ளை வீட்டார் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். என் மனைவியும் சிரித்தாள். அவளை நான் எப்போதோ மன்னித்துவிட்டேன்.

போன அக்டோபரில் அவன் தன் இறகுப் பேண்ட்டைக் கொண்டுவந்தான், மலையில் நிற்கும்போது குளிருக்காக மேலே மாட்டிக்கொள்வது. இடுப்பிலிருந்து கணுக்கால்வரை பக்கவாட்டில் ஜிப் திறக்கும். பூட்ஸைக் கழற்றாமலே மாட்டிக்கொள்ளலாம். உள்ளே முதல்தர வாத்து இறகு. உட்காரும் இடத்திலும் தொடையிலும் தையலைப் பிரித்து, இறகை எடுத்துவிட்டுப் பஞ்சை அடைத்து, பழைய ஊசித் துளைகள் வழியாகவே திரும்பத் தைத்தேன். மூன்று நாள் வேலை. வெளியே பார்த்தால் முன்னைவிடப் புசுபுசுவென்று இருந்தது. பஞ்சு வியர்வையைக் குடிக்கும், குடித்ததை விடாது, பிறகு உறையும். இது இங்கே பள்ளிப் பிள்ளைகளுக்கும் தெரியும்.

கனம் கூடியிருந்ததை அவன் அறியவில்லை. கயிற்றில் முன்னால் போகிறவன் கைவீசிப் போவான், பின்னால் வருகிறவன்தான் இரண்டு பேண்ட்டையும் சுமப்பான். எங்கள் இருவரில் எப்போதும் பின்னால் வருகிறவன் நான்.

திட்டம் என்று எதுவும் இல்லை, மேடம். டிசம்பரிலிருந்து அவனோடு ஆறு முறை போனேன், ஒன்றும் ஆகவில்லை. நிற்கிற இடத்தில் பத்து நிமிடம் போட்டுக் கழற்றினால் பஞ்சும் இறகும் ஒன்றுதான். ஜனவரியில் ஒருநாள், "வயசாயிடுச்சுடா, தொடை ரெண்டும் மரத்துப் போகுது" என்றான். கொழுப்புச் சேர்த்துச் சாப்பிடச் சொன்னேன்.

ஏழாவது முறைதான் அவன் விழுந்தான். பனியில் சறுக்கி இறங்கும்போது காலில் கட்டிய சறுக்குப் பலகை பாறையில் மாட்டி, முழங்கால் பின்பக்கமாகத் திரும்பிவிட்டது. அதில் என் கை இல்லை. மணி பதினொன்று, மைனஸ் பத்தொன்பது டிகிரி குளிர், காற்று வேறு. அங்கே போன் எடுக்காது. அது தெரிந்துதான் அந்த வழியைச் சொன்னேன், கூட்டம் இருக்காது.

ஒரு பாறை மறைவில் அவனை உட்காரவைத்து, அவன் பேண்ட்டை நானே மாட்டிவிட்டேன். ஜிப்பை நானே மேலே இழுத்தேன், வெண்ணெய் மாதிரி ஓடியது.

இங்கே ஒரு வழக்கம் உண்டு. உதவி கூப்பிடப் போகிறவன் தன் இறகுப் பேண்ட்டையும் கழற்றி, இருக்கிறவனுக்குக் கொடுத்துவிட்டுப் போக வேண்டும். நடக்கிறவனுக்கு நடையே சூடு. மீட்புக் குழுத் தலைவன் என்ற முறையில் கோர்பினியனே அதை அறிவிப்புப் பலகையில் எழுதி மாட்டியிருக்கிறான். அன்று நானும் என்னுடையதைப் போட்டிருந்தேன். அவன் கையை நீட்டினான்.

"உன்னோடதையும் கழட்டிக் குடுத்துட்டுப் போடா. உள்ள ஈரமா இருக்கு எனக்கு."

நான் என் பக்கவாட்டு ஜிப்பை இரண்டு முறை இழுப்பதுபோல் இழுத்தேன்.

"ஜிப் திறக்கலடா, கோர்பினியன்."

அவன் சிரித்தான். உண்மையிலேயே சிரித்தான், கண்ணில் நீர் வரச் சிரித்தான். பிறகு என் முகத்தைப் பார்த்தான், நிறுத்திவிட்டான். "வேணாம்டா வெண்டல்," என்றான். அவன் என்னிடம் எதையாவது தாழ்ந்து கேட்டது அதுதான் முதல் தடவை. எனக்குத் திருப்தியாக இருந்தது, மறைக்கவில்லை.

நான் அவசரப்படாமல் இறங்கினேன். அவசரப்படுகிறவன் இரண்டாவது விபத்தை உண்டாக்குவான் என்று பயிற்சி வகுப்பில் சொல்லிக்கொடுத்தவனே அவன்தான். காட்டு விளிம்பு உணவகத்தில் ஒரு கிண்ணம் ஈரல் உருண்டை சூப் சாப்பிட்டேன், அங்கே ஆட்கள் இருந்தார்கள், யாரிடமும் ஒன்றும் சொல்லவில்லை. மீட்பு நிலையத்தில் நான் நுழைந்தபோது மணி நாலரை. காற்றில் ஹெலிகாப்டர் ஏறவில்லை. மறுநாள் காலையில்தான் அவனிடம் போய்ச் சேர முடிந்தது. அப்போது அவனை நிமிர்த்த முடியவில்லையாம்.

நிலையத்தில் எல்லோரும் என் கால்களையே பார்த்தார்கள். இறகுப் பேண்ட்டோடு வந்து நின்றேனே, அதுதான் நான் செய்த ஒரே பிழை. கழற்றத் தோன்றவில்லை.

என்னைக் கல்நெஞ்சக்காரன் என்று எழுதுவீர்கள். எழுதுங்கள். ஆனால் நான் எதையும் வீணாக்குகிறவன் இல்லை. அவனிடமிருந்து எடுத்த இறகை ஒன்றுகூடச் சிந்தாமல் வைத்திருந்தேன். என் பேண்ட்டைப் பிரித்துப் பாருங்கள், முழுவதும் அதற்குள்தான் இருக்கிறது. ஐந்தரை மணி நேரம், மேடம். எனக்குக் குளிரவே இல்லை.